பந்தை விட்டுக் காலைப் பார்க்கப் பழகியது

கும்பகோணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இறகுப்பந்து கிடையாது. பூப்பந்துதான். மஞ்சள் கம்பளிப் பந்து, மர மட்டை, செம்மண் தரை, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த ஆட்டம் என்று எங்கள் பி.டி. சார் பெருமையாகச் சொல்வார். சாயங்காலம் தரையில் தண்ணீர் தெளிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலையை இழுத்துக் கட்டுவது எல்லாம் எங்கள் வேலை. புழுதி அடங்கியதும் ஒரு மண்வாசனை வரும். இன்றைக்கும் எந்த ஊர் அரங்கத்துக்குள் நுழைந்தாலும் அந்த வாசனையைத்தான் மனசு முதலில் தேடுகிறது.

ஐந்து பேர் ஆடும்போது ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் உண்டு. நான் முன்வரிசை. வலையருகே வரும் பந்தைக் கடைசி நொடியில் மணிக்கட்டால் திருப்பி, எதிராளி நினைக்காத மூலையில் போடுவேன். அதற்கு இரண்டு எட்டு நகர்ந்தால் போதும். அந்தக் கைதான் பின்னால் என்னை மாநில அணிவரை கொண்டுபோனது. அந்த இரண்டு எட்டுப் பழக்கம்தான் என்னை அதற்கு மேல் போகவிடாமல் நிறுத்தியது. இது எனக்குப் புரிய 25 வருஷம் ஆனது.

1980 மார்ச்சில் பிரகாஷ் படுகோன் வெம்பிளியில் இந்தோனேசியாவின் லீம் சுவீ கிங்கை 15-3, 15-10 என்று ஜெயித்து இறகுப்பந்தில் ஆல் இங்கிலாந்து பட்டம் வாங்கினார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பி.டி. சார் பேப்பரை விரித்து அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தார். எனக்கு 14 வயசு. அன்று சாயங்காலமே ஊரில் அதிகாரிகள் ஆடும் கிளப்பின் ஜன்னலில் போய்த் தொங்கினேன். ஒரு வாரம் வேடிக்கை பார்த்தேன். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, விழுந்த ஷட்டிலைப் பொறுக்கிப் போடச் சொன்னார்கள். ஆட்டம் முடிந்ததும் இறகு ஒடிந்த ஷட்டில்கள் எனக்கு. பள்ளிக்கூடம் போகும் வழியில் டீக்கடை பாய்லர் ஆவியில் அவற்றைக் காட்டுவேன். கோணிய இறகு மெல்ல நிமிரும். ஒரு ஷட்டிலில் 16 இறகு. ஒன்றிரண்டு போனாலும் அது தள்ளாடித்தான் பறக்கும். தள்ளாடும் ஷட்டிலை அடித்துப் பழகியதால்தானோ என்னவோ, கை இன்னும் கூர்மையானது.

கல்லூரி திருச்சியில். பல்கலைக்கழக அணி, மாநில அணி, தேசியப் போட்டிகள், விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை. இந்த வரிசையை அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலரும் சொல்வார்கள், விரிக்க ஒன்றுமில்லை. காலையில் ஆபீஸ், மாலையில் பயிற்சி, லீவு கேட்டு விண்ணப்பம். ஒற்றையரில் காலிறுதியைத் தாண்டியதில்லை. இரட்டையரில் எனக்குப் பின்னால் நின்று ஓட ஒரு நல்ல கூட்டாளி அமைந்ததால் பதக்கங்கள் வந்தன.

வெளிநாட்டில் இரண்டே முறை ஆடினேன். ஒன்று கொழும்பு, மற்றது கோலாலம்பூர். கோலாலம்பூரில் நான் தோற்றது எதிராளியிடம் அல்ல, காற்றிடம். அதுவரை குளிர்சாதனம் போட்ட அரங்கத்தில் நான் ஆடியதே இல்லை. குழாய்வழி வரும் காற்று மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். உடம்பில் உறைக்காது. ஐந்து கிராம் எடையுள்ள ஷட்டிலுக்கு அது போதும். நான் அளந்து தூக்கியதெல்லாம் ஒரு சாண் வெளியே போய் விழுந்தது.

அன்று கற்றதை இன்றுவரை என் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்கிறேன். பயிற்சி அடிக்குக் கிடைக்கும் சில நிமிஷத்தில் இரண்டு பக்கமும் நின்று ஷட்டிலைத் தூக்கி அடித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் நின்றால் அது தானாகவே நீளமாகப் போகிறதோ, அங்கே காற்று நமக்குப் பின்னால். அங்கிருந்து தூக்கும் அடியைக் குறைத்து, வலையருகிலும் கீழ்நோக்கியும் ஆட வேண்டும். எதிர்க்காற்றுப் பக்கம் நின்றால் பயமில்லாமல் முழு பலத்தோடு தூக்கலாம். டாஸ் ஜெயித்தால் கஷ்டமான பக்கத்தை முதலில் எடுங்கள். மூன்றாவது செட் வந்தால் நடுவில் பக்கம் மாறும், கடைசிப் புள்ளிகளை நல்ல பக்கத்தில் ஆடலாம். அப்போது 15 புள்ளி ஆட்டத்தில் 8-ல் மாறினோம், இப்போது 11-ல் மாறுகிறார்கள். கணக்கு ஒன்றுதான்.

அந்தத் தோல்விக்குப் பிறகு வெளியே உட்கார்ந்திருந்தபோது ஒரு மலேசியத் தமிழ்ப் பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, மலேசிய இறகுப்பந்து வீரர் பஞ்ச் குணாளனைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம், 1971-ல் இங் பூன் பீயோடு சேர்ந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம், 1974 காமன்வெல்த்தில் மறுபடி ஒற்றையர் தங்கம். ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணினார். தன் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோலக் குரல் தழுதழுத்தது. நாம் தோற்ற நாளில்கூட இந்த ஆட்டம் யாரோ ஒருவருக்கு இவ்வளவு சொந்தமாக இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

1996-ல் வலது முழங்கால் போனது. வலக்கைக்காரனுக்கு ஒவ்வொரு முறை வலைக்குப் பாயும்போதும் வலது கால்தான் உடம்பைத் தாங்குகிறது. நான் வளர்ந்த அரங்கங்களில் பாதி சிமெண்ட் தரை. பாதம் உள்பக்கம் திரும்பியே விழும் பழக்கத்தை யாரும் எனக்குத் திருத்தவில்லை. பாதம் ஒரு திசை, முட்டி ஒரு திசை என்று இருபது வருஷம் முறுக்கிக்கொண்டிருந்த ஜவ்வு ஒருநாள் கிழிந்தது. சத்தம் எனக்கே கேட்டது.

2001-ல் புல்லேலா கோபிசந்த் சீனாவின் சென் ஹாங்கை 15-12, 15-6 என்று வென்று ஆல் இங்கிலாந்து பட்டம் வாங்கியபோது நான் அழுதேன். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தவர் அவர். எனக்கு அந்த வழி இல்லை என்பதை அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்து, ஊரில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். 2003-ல் மாலத்தீவில் ஒரு வேலை வந்தது. ஆபீஸில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

மாலத்தீவின் தலைநகரம் மாலே சின்னத் தீவு. அரைமணி நேரம் நடந்தால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வந்துவிடலாம். நெருக்கி நெருக்கிக் கட்டடம், சந்தெல்லாம் மோட்டார் பைக், திரும்பிய பக்கமெல்லாம் கடல். வெள்ளி, சனி விடுமுறை. நோன்பு மாதத்தில் பயிற்சி இரவுத் தொழுகைக்குப் பிறகுதான் தொடங்கும், நடுநிசி தாண்டியும் போகும். முதல் நோன்பில் நான் வழக்கம்போலச் சாயங்காலப் பயிற்சி அட்டவணை போட்டு ஒட்டினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை, யாரும் வரவுமில்லை. மறுநாள் ஒரு பெரிய பையன் தயங்கித் தயங்கி வந்து காரணம் சொன்னான். வெளியூருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதல் வாரம் அட்டவணை போடாதீர்கள். அந்த ஊர் எப்போது எழுந்திருக்கிறது, எப்போது சாப்பிடுகிறது, எப்போது தொழுகிறது என்பதை முதலில் கேளுங்கள்.

என் மாணவர்களில் 14 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கையைப் பார்த்ததும் எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வந்தது. பலமாகக் கீழ்நோக்கி ஸ்மாஷ் அடிக்கப்போவதுபோல ஓங்கி, கடைசியில் ராக்கெட்டைச் சரித்துச் சீவி, வலைக்கு ஒட்டினாற்போல விழவைக்கும் டிராப் என் சொத்து. அதை அவளுக்கு அப்படியே கொடுத்தேன். மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். உள்ளூரில் அவளை ஜெயிக்க ஆள் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2006-ல் ஜூனியர் போட்டி ஒன்றுக்குக் கொழும்பு போனோம். 21-6, 21-4. அந்த டிராப்புக்கு எதிராளி ஒருமுறைகூட ஏமாறவில்லை. எனக்கு விளங்கவேயில்லை. அடி சரியாகத்தான் இருந்தது.

அன்று இரவு தங்கியிருந்த அறையில் வீடியோ போட்டுப் பார்த்தேன். கேமராவை ஒரு பையனிடம் கொடுத்திருந்தேன். அவன் கைவலி என்று அதை ஷூ பை மேல் வைத்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போய்விட்டான். படத்தில் வலையின் மேல்நாடாவுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஷட்டில் பறப்பது தெரியவில்லை. முகம் இல்லை, கை இல்லை. ஐம்பது சொச்சப் புள்ளிகளும் வெறும் கால்கள்.

முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. எதிர்ப்பெண்ணின் கால்கள் இவள் அடிப்பதற்குச் சற்று முன்பே தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பின. அடித்த கணத்தில் இரண்டு பாதமும் அகலமாக இறங்கின, இறங்கிய வேகத்திலேயே திசை பிடித்தன. எங்கள் பெண்ணின் குதிகால் இரண்டும் தரையில் ஒட்டியிருந்தன. பந்து வருகிற திசை தெரிந்த பிறகுதான் எழுந்தன. அதனால் ஒவ்வொரு பந்துக்கும் அரை எட்டு தாமதம். தாமதமாகப் போகிறவளுக்கு அடிக்க ஒரே வழிதான் மிச்சம் இருக்கும். அவள் ஸ்மாஷ் அடிக்க முடியாத இடத்தில் நிற்கிறாள் என்பது எதிராளிக்குத் தெரியும்போது, ஸ்மாஷ் போலக் கை ஓங்குவதை யார் நம்புவார்கள்? முன்கூட்டியே போய்க் காத்திருப்பவளின் கைதான் ஏமாற்றும். ஏமாற்றுவது கை என்று நான் கால் நூற்றாண்டு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கால்கள் என் கால்கள். என் கையை மட்டும் கொடுத்ததாக நினைத்தேன், என் காலையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். விடிகிற வரைக்கும் அந்த டேப்பைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன் மேல தப்பில்லம்மா, நான் சொல்லிக்கொடுத்ததுல தப்பு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அவள் மொழியான திவேஹியில் அரைகுறையாகவும் சொன்னேன். திவேஹியில் காலுக்கு 'ஃபை' என்பார்கள். அதன்பின் மாலே அரங்கத்தில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

மாலே திரும்பியதும் ஆறு வாரம் பிள்ளைகளின் ராக்கெட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். வலையின் இரு மூலை, நடுவில் இரு பக்கம், பின்கோட்டின் இரு மூலை. நான் கை காட்டும் மூலைக்குப் போய்த் திரும்பி நடுவுக்கு வர வேண்டும். 30 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு, ஆறு தடவை. வேகம் எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வலைக்குப் பாயும் இடத்தில் தரையில் சாக்பீஸால் அம்புக்குறி வரைந்தேன். குதிகால் முதலில் விழ வேண்டும், பெருவிரல் அம்பின் திசையில் இருக்க வேண்டும், முட்டியும் அதே திசையில் மடங்க வேண்டும். என் முழங்காலின் தழும்பைக் காட்டித்தான் இதைச் சொல்வேன். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள்.

அந்தச் சின்னக் குதிப்புத்தான் கடினம். ஆரம்பத்தில் எதிரே நிற்பவன் அடிக்கும்போது நான் கைதட்டினேன். அது தவறு என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. என் தட்டலுக்குக் காத்திருந்தார்கள், எதிராளியைப் பார்க்கவில்லை. பிறகு அவர்களையே "ஹப்" என்று சத்தம் போடச் சொன்னேன். எதிராளியின் ராக்கெட்டில் ஷட்டில் படும் சத்தமும் தன் குரலும் ஒன்றாகக் கேட்க வேண்டும். பத்து நாளில் குரல் நின்றது, கால் மட்டும் குதித்தது.

இடது கையில் ஷட்டில்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பயிற்சியாளர்கள் முப்பது, நாற்பது என்று சரமாரியாக வீசுவார்கள், பிள்ளை மூச்சு வாங்கினால் நல்ல பயிற்சி என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நடுவுக்குத் திரும்ப நேரம் கொடுக்காமல் அடுத்ததைப் போட்டால், திரும்பாமல் இருக்கவே அந்தப் பிள்ளை பழகுகிறது. இப்போது பத்துதான் போடுவேன். அவள் நடுவுக்கு வந்து குதிகால் எழும்பியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது என் கையைவிட்டுப் போகும். போடுகிறவன் தன் தாளத்துக்குப் போடக்கூடாது.

எட்டு மாதம் கழித்து அவள் மறுபடி வெளியூரில் ஆடினாள். மறுபடியும் தோற்றாள், மூன்று செட்டில். ஆனால் இரண்டாவது செட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளியில் பின்கோட்டுக்கு முந்திப்போய் நின்று, கையை ஓங்கி, ஒரு கணம் நிறுத்தினாள். எதிராளி பின்னால் சாய்ந்தாள். ஷட்டில் வலையைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சர்வீஸுக்கு இடம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அதே 2006-ல் புள்ளி முறையும் மாறியது. முன்பு சர்வீஸ் கையில் இருப்பவனுக்குத்தான் புள்ளி. சூடு பிடிக்கும்வரை தடுத்துத் தடுத்து ஆடலாம், பெரிதாக நஷ்டம் இல்லை. 21 புள்ளி முறையில் சர்வீஸ் யார் கையில் இருந்தாலும் புள்ளி உண்டு. அந்த மாற்றத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் அதே பஞ்ச் குணாளனும் ஒருவர். மெதுவாகத் தொடங்குகிறவர்கள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே செட்டை இழந்தார்கள். அதனால் முதல் சர்வீஸுக்கு முன்பே சட்டை நனைந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். கயிறு தாண்டுவது, மூலை ஓட்டம், அப்புறம்தான் மைதானம்.

2008-ல் துபாய். அங்கே கற்றது வேறு மாதிரி. முதலில் போன அகாதமியில் மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. பேச்சில் எல்லாம் ஒத்துக்கொண்டார்கள், தாளில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விசாவும் மருத்துவக் காப்பீடும் யார் செலவு, ஊருக்கு வர விமான டிக்கெட் உண்டா, பயிற்சிக்கு ஷட்டில் யார் வாங்குவது, வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஷட்டில் செலவை எழுதாமல் விட்டவர்கள் கடைசியில் சொந்தக் காசில் ஷட்டில் டியூப் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊர்க் குளிர்சாதனக் காற்று வறண்டது, இறகு சீக்கிரம் ஒடிந்துவிடும். டீக்கடை பாய்லர் அப்போது கைகொடுத்தது. ஆட்டத்துக்கு முந்தின இரவு டியூபின் இரண்டு மூடியையும் திறந்து கெட்டில் ஆவியில் சில விநாடி காட்டி மூடி வைப்பேன். கூடுதல் நேரம் காட்டினால் எடை ஏறி வேகம் மாறிவிடும். சந்தேகம் இருந்தால் பின்கோட்டில் நின்று கீழிருந்து முழு பலத்தோடு அடித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு உள்ளே 53 சென்டிமீட்டரிலிருந்து 99 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் சரியான வேகம்.

கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோர் நிற்பார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் பத்து வயது மகனின் ராக்கெட்டுக்கு 28 பவுண்டு இழுவையில் நரம்பு கட்டிக்கொண்டு வந்து, "கோச் சார், பெரிய பிளேயர்ஸ் எல்லாம் இதுலதான ஆடுறாங்க" என்றார். அந்த வயதுக்கு 18, 20 போதும். இறுக்கமான நரம்பில் ஷட்டிலைத் தள்ளப் பிள்ளை முழுக்கையையும் வீசுவான், முழங்கை வலி வரும். எடுத்துச் சொன்னேன், மாற்றிக்கொண்டார். ஆனால் கண்ணாடி வழியே "ஸ்மாஷ் அடிடா" என்று கத்துவதை நிறுத்தவில்லை. ஒருநாள் அவரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க சார். தம்பி ஒவ்வொரு அடிக்கும் அப்புறம் நடுவுக்குத் திரும்பி வரானான்னு மட்டும் கோடு போட்டு வைங்க" என்றேன். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. அடுத்த வாரம் பையன் வந்து சொன்னான், "கார்ல போறப்ப இப்பல்லாம் அப்பா ஏன் தோத்தன்னு கேக்குறதில்ல சார், எத்தனை தடவை திரும்பினன்னுதான் கேக்குறாரு." அந்தத் தாள்களை அவர் ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருந்தார்.

2017-ல் ஊருக்கு வந்துவிட்டேன். புறவழிச்சாலையில் ஒரு தகரக் கொட்டகை, மரத்தளத்தின் மேல் விரித்த இரண்டு பச்சை மேட். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் காஞ்சிபுரத்துத் துளசிமதி இறகுப்பந்தில் வெள்ளி வாங்கிய வாரம் புதிதாகப் பதினோரு பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதல் மாதம் ராக்கெட் கிடையாது என்றதும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். வருத்தம்தான். இருந்தாலும் அதை மாற்றிக்கொள்ள எனக்கு மனசில்லை. பயிற்சி நேரத்தில் நான் நாற்காலியில் உட்காருவதில்லை. பக்கக் கோட்டுக்கு வெளியே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கண் தானாகவே பாதத்துக்குப் போகும். செல்போனையும் பின்கோட்டுக்கு வெளியே ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்துவிடுகிறேன்.

மாலேயில் இருந்த அந்தப் பெண் இப்போது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வரி விளக்கம்கூட இல்லை. எட்டு ஜோடிக் கால்கள், இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. தரையில் சாக்பீஸ் அம்பு. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். இடமிருந்து மூன்றாவது பிள்ளையின் குதிகால் கொஞ்சம் பிந்தி எழும்புகிறது. அதை மட்டும் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் சேர்ந்ததாம்.